பட்டாயாவுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: என் கணவர் ஈரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் விற்பனை இலக்கை எட்டியதற்காகக் கம்பெனிக்காரர்கள் அவரைத் தாய்லாந்தில் இருக்கும் பட்டாயாவுக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தவர், “கடல் நன்றாக இருந்தது” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இப்போது மே மாத விடுமுறைக்கு எல்லோரையும் அங்கே கூட்டிப்போகிறேன் என்கிறார். நான், எட்டாம் வகுப்பு முடிக்கும் மகள், ஏழு வயது மகன், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். மாமனார் நாற்பது வருடம் மரக்கடை நடத்தியவர். மாமியாருக்கு முழங்கால் வலி, முட்டைகூடத் தொடமாட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வளர்ந்த பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற ஊரா அது? பேசாமல் “பாங்காக் போகிறோம்” என்று சொல்லிவிடலாமா?

— ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கணவர் பார்த்துவந்த பட்டாயா வேறு, நீங்கள் பார்க்கப்போகும் பட்டாயா வேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மதில் எதுவும் கிடையாது. தெருவும் கடிகாரமும்தான் பிரிக்கின்றன. எந்தப் பகுதியில் அறை எடுக்கிறீர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் எங்கே இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் தீர்மானித்துவிட்டால் முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது.

சொந்தக்காரர்கள் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிமென்ட், பெயிண்ட், டைல்ஸ், பூச்சிமருந்து என்று எந்தக் கம்பெனியாக இருந்தாலும் டீலர்களை மொத்தமாக அழைத்துப்போய் இறக்குகிற ஊர் அது. நானே அப்படிப்பட்ட குழுக்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தச் சிரிப்பில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. உங்கள் கணவர் சொல்லாமல் விட்டதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: மறைக்க ஏதாவது இருக்கிற மனிதர், பெற்ற தாயையும் மனைவியையும் அதே ஊருக்கு வலிய அழைத்துப்போவதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

முதலில் அறை. என் தொழிலின் ஆரம்ப காலத்தில் நான் செய்த பிழை இது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். விலை குறைவாக, படங்களில் பளிச்சென்று தெரிந்த ஒரு ஹோட்டலைப் பிடித்துக்கொடுத்தேன். அது எந்தச் சந்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. முதல் நாள் இரவு அந்த வீட்டுப் பாட்டி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “பாவம், வேலை முடிந்து இத்தனை நேரமாகிறது, இவர்களுக்கு இன்னும் பஸ் வரவில்லையா?” நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. மறுநாள் காலை என் சொந்தச் செலவில் ஹோட்டலை மாற்றினேன்.

அந்த ஊரில் சந்துக்கு ‘சோய்’ என்று பெயர். கடலை ஒட்டிப் போவது பீச் ரோடு. அதற்கு இணையாக உள்ளே ஓடுவது செகண்ட் ரோடு. இரண்டையும் இணைக்கும் சோய்களில் பல மதுக்கடைச் சந்துகள். தெற்குக் கோடியில் வாக்கிங் ஸ்ட்ரீட். மாலையானதும் அதில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள், விடிய விடிய ஆட்டபாட்டம். சோய் 6, சோய் புவாக்காவ், வாக்கிங் ஸ்ட்ரீட் ஆகிய பெயர்கள் முகவரியிலோ, ‘இங்கிருந்து நடக்கும் தூரம்’ என்ற பெருமையிலோ தென்பட்டால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள். வடக்கே நக்லுவா, வோங்கமாத் கடற்கரைப் பக்கம் அமைதியானது. தெற்கே ஜோம்தியனும் நல்லது, கடலோரம் நீளமாக நடக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் வோங்கமாத்தைத்தான் சொல்வேன். மாமனார் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் மூன்றரை மணி நேரம்தான். பல விமானங்கள் நள்ளிரவில் கிளம்பி விடிகாலையில் இறங்கும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பட்டாயா சுமார் 120 கிலோமீட்டர். வேனில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகக் காலை ஒன்பது, பத்து மணிக்கே ஹோட்டல் வாசலில் நிற்பீர்கள். அறை கொடுப்பது பிற்பகல் இரண்டு மணிக்கு! தூக்கமில்லாத குழந்தையையும் கால் வலிக்காரரையும் வரவேற்பறைச் சோபாவில் நாலு மணி நேரம் உட்காரவைத்தால் அன்றைய சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். முந்தைய இரவுக்கும் சேர்த்து ஓர் அறைக்காவது பணம் கட்டிவிடுங்கள். வீண்செலவு மாதிரி தெரியும், ஆனால் மொத்தப் பயணத்திலும் இதைவிட உருப்படியான செலவு இருக்காது.

ஊருக்குள் போய்வர ‘சோங்தேவ்’. கருநீல நிறத்தில் சிறிய டிரக். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. வழியில் கைகாட்டினால் நிற்கும். ஏறி உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூரையில் இருக்கும் பொத்தானை அழுத்தி, இறங்கி முன்பக்கம் போய் ஓட்டுநரிடம் காசைக் கொடுக்க வேண்டும். நெடுங்காலமாக ஆளுக்குப் பத்து பாட்தான் வழக்கம் (ஒரு பாட் நம் கணக்கில் இரண்டரை முதல் மூன்று ரூபாய்). இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏறும்போது “எவ்வளவு?” என்று கேட்டால், நீங்கள் வண்டியை முழுதாக வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று பொருள், இருநூறு, முந்நூறு என்று சொல்வார். கேட்காமல் ஏறுங்கள், சில்லறையைக் கையில் வைத்திருங்கள். ஆனால் மாமியாருக்கு இது சரிப்படாது. பின்படி உயரம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிதான். அவரோடு போகும்போது செல்பேசிச் செயலியில் கார் பிடித்துக்கொள்ளுங்கள். கிராப், போல்ட் இரண்டும் அங்கே ஓடுகின்றன. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசை உங்கள் கணவருக்கு இருந்தால் ஊரிலேயே கிள்ளிவிடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரித்துவிடுவார்.

கடல் குளிக்க ஊர்க் கடற்கரை வேண்டாம். படகுகளும் நீர் ஸ்கூட்டர்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே ஏழெட்டுக் கிலோமீட்டரில் கோ லான் என்ற தீவு இருக்கிறது. தண்ணீர் அங்கேதான் கண்ணாடி மாதிரி. தெருவுக்குத் தெரு தீவுப் பயணம் விற்பார்கள். வாங்கினால் விரைவுப்படகில் ஏற்றி, நடுக்கடலில் மிதக்கும் மேடையில் இறக்கி, பாராசூட்டில் பற, கடலுக்கடியில் நட என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு கேட்பார்கள். மாட்டேன் என்றால் மற்றவர்கள் பறந்து முடிக்கும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். கடைசியில் கரையிலும் இறக்கமாட்டார்கள், முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நடக்கச் சொல்வார்கள். மாமியாரை நினைத்துப் பாருங்கள்.

ஊரின் தெற்குக் கோடியில் பாலி ஹாய் படகுத்துறை. அங்கிருந்து ஊர்க்காரர்கள் போகும் பெரிய மரப்படகு கிளம்புகிறது. முப்பது பாட் அளவில்தான் டிக்கெட். முக்கால் மணி நேரம் ஆகும். அதில் நா பான் துறைக்குப் போனால் மேடையிலேயே இறங்கலாம். அங்கிருந்து தீவின் வண்டி பிடித்துச் சமே கடற்கரைக்குப் போய்விடுங்கள். தவேன் கடற்கரைதான் பெயர் பெற்றது, அதனாலேயே கூட்டம் நெரியும். காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். மே மாதம் மழை தொடங்கும் காலம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறைக்கு வாக்கிங் ஸ்ட்ரீட்டை ஒட்டித்தான் போக வேண்டும், ஆனால் காலை எட்டு மணிக்கு அது தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கும் சாதாரணத் தெரு. மாலை ஐந்துக்குள் திரும்பிவிட்டால் அப்போதும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நீர் ஸ்கூட்டர்: வேண்டவே வேண்டாம். பையன் அழுவான், அழட்டும். ஓட்டி முடித்துக் கரைக்கு வந்ததும் அடியில் ஒரு கீறலைக் காட்டி, நீங்கள்தான் இடித்தீர்கள் என்று பல ஆயிரம் பாட் கேட்பது அங்கே பழைய மோசடி. எதற்கும் யாரிடமும் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். தகராறு வந்தால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸுக்கு 1669. இரண்டையும் மகளின் செல்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

இனி உங்கள் மாமனார். நக்லுவாவில் கடலோரமாக ஒரு கோயில் மாதிரியான கட்டடம் நிற்கிறது. ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைத் தமிழில் ‘சத்தியத்தின் சன்னிதி’ எனலாம். லெக் விரியாபந்த் என்ற செல்வந்தர் 1981-ல் தொடங்கினார். அவர் 2000-ல் இறந்துவிட்டார், வேலை இன்னும் நடக்கிறது. உயரம் 105 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடச் சுமார் நாற்பது மீட்டர் கூடுதல். அத்தனையும் மரம்! நாலு பக்கமும் நாலு மண்டபங்கள்: இந்தியா, சீனா, கம்போடியா, தாய்லாந்து. பிரம்மாவும் விஷ்ணுவும் சிவனும் பிள்ளையாரும் தேக்கிலும் வேறு வைர மரங்களிலும் உருண்டு திரண்டு நிற்கிறார்கள். ஒரு பக்கம் செதுக்கிக்கொண்டே போக, மறுபக்கம் உப்புக்காற்றில் வெளுத்து உளுத்த பழைய துண்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்துவைக்கிறார்கள். அதனால் உள்ளே போகிற எல்லோருக்கும் தலைக்கவசம் கொடுப்பார்கள். சிற்பிகள் உளியும் சுத்தியுமாக வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வெயில் பட்டு நரைத்த மரத்துக்கும், நேற்றுச் செதுக்கிய மஞ்சள் மரத்துக்கும் ஒரே சுவரில் நிற வித்தியாசம் தெரியும். மரக்கடைக்காரர் கண்ணுக்கு அது ஒரு புத்தகம். அவரை அவசரப்படுத்தாமல் அரை நாள் ஒதுக்குங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கொஞ்சம் படி இறங்க வேண்டியிருக்கும். மாமியார் மெதுவாக வரட்டும்.

பிராதும்னாக் குன்றின் மேலிருக்கும் பெரிய புத்தருக்கும் படிகள் உண்டு. மாமியாருக்கு அதைவிடத் தெற்கே காவ் சீ சான் மலை வசதி. மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1996-ல், வெட்டுண்ட ஒரு பாறை முகத்தில் புத்தரின் உருவத்தைக் கோட்டோவியமாகப் பொறித்துத் தங்க நிறம் பூசியிருக்கிறார்கள். வண்டியிலிருந்து இறங்கிச் சமதரையில் நின்று பார்த்தால் போதும். அதே வழியில் நாங் நூச் தோட்டம். ஊரிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். நடக்க முடியாதவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வண்டி உண்டு. உங்கள் மகனுக்கு ஆளுயரம், மரத்துயரம் என்று டைனோசர்கள். அங்கே நடக்கும் யானைக் காட்சியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. யானையை முதுமலையில் பார்த்த பிள்ளைக்கு, அது பந்து உதைப்பதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சாப்பாடு. இந்திய உணவகங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் இருக்கின்றன. பெரும்பாலும் வடஇந்தியச் சமையல். ஐந்து நாளும் பன்னீரையே தின்ன முடியாது. தாய் உணவகத்தில் “காய்கறி மட்டும்” என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாற்றில் வதக்கி வரும். அவர்கள் கணக்கில் நாம்ப்லா என்கிற மீன் சாறு உப்பு மாதிரி. அதை அசைவம் என்று நினைப்பதே இல்லை. நம் வள்ளைக்கீரையை அருமையாக வதக்குவார்கள், சிப்பிச் சாறு ஊற்றி. பப்பாளிக்காய் இடிப்பில் காய்ந்த இறால் கிடக்கும். மாமியார் நினைவில் வைக்க வேண்டிய ஒரே சொல் ‘ஜே’. சீன வழி வந்த நோன்புச் சாப்பாடு அது. கறி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. கடை வாசலில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தால் எழுதியிருப்பார்கள். பார்க்க அப்படியே 17 என்று எழுதியது போல இருக்கும். பொட்டலங்களிலும் அதே குறி. பதினேழைக் கண்டால் சாப்பிடலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மே மாதம் பழக்காலமும்கூட. மங்குஸ்தானும் ரம்புத்தானும் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும். மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறு ஒரு தட்டு வாங்கிக்கொடுத்தால் இரவுச் சாப்பாடே வேண்டாம் என்பார். டுரியனை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஹோட்டலில் அபராதம் போடுவார்கள். தின்பண்டத்தில் கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022-ல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது முளைத்த கடைகளை 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள், இருந்தாலும் பிள்ளைகள் எடுக்கும் மிட்டாயை ஒரு தரம் திருப்பிப் பார்ப்பது நல்லது.

உங்கள் மகளைப் பற்றித்தான் நீங்கள் உண்மையில் கேட்டீர்கள். வாக்கிங் ஸ்ட்ரீட்டைத் தவிர்த்துவிடலாம். ஆனால் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே எழுபது வயது வெள்ளைக்காரரும் இருபத்தைந்து வயது தாய்ப் பெண்ணும் கைகோத்து வருவதைத் தவிர்க்க முடியாது. எட்டாம் வகுப்புப் பெண் அதைப் பார்க்காமலும் இருக்கமாட்டாள், புரியாமலும் இருக்கமாட்டாள். நீங்கள் பேச்சை மாற்றினால்தான் அவளுக்குச் சங்கடம். கிளம்பும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அது மீனவ கிராமமாக இருந்த ஊர். 1959-ல் அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வெடுக்க அங்கே வந்தார்கள். பிறகு வியட்நாம் போர்; பக்கத்திலேயே ஊதாபாவ் விமானத் தளம். கையில் டாலரும், உயிரோடு திரும்புவோமா என்ற பயமுமாக வந்த இளைஞர்களுக்காக அந்தத் தொழில் வளர்ந்தது. போர் முடிந்தது, தொழில் நிற்கவில்லை. அதில் இருக்கும் பெண்கள் பலரும் ஈசான் என்கிற வடகிழக்கு வறண்ட மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். ஊரில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பணம் அனுப்புகிறவர்கள். முறைத்துப் பார்க்காதே, படம் எடுக்காதே. இவ்வளவு போதும். கேட்டால் மேலும் சொல்லுங்கள்.

டிஃபனி, அல்கசார் என்று இரண்டு பெரிய அரங்குகள் உண்டு. மேடையில் ஆடுகிறவர்கள் திருநங்கையர். கூசும்படி எதுவும் இருக்காது. நம் சினிமாப் பாட்டைவிடச் சுத்தம். பட்டும் இறகும் வெளிச்சமுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். மாமியார் கை தட்டுவார் என்று பந்தயம் கட்டுகிறேன். முதல் காட்சிக்கே போய்விடுங்கள். முடிந்ததும் வெளியே வந்து படம் எடுத்துக்கொள்ள நிற்பார்கள்; அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பது வழக்கம். பக்கத்தில் போய் நின்றுவிட்டு நழுவுவது மரியாதை அல்ல.

எழுத்து வேலைகள் சொற்பம். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கும் சலுகை 2025-ல் நடைமுறையில் இருந்தது என்றாலும், அடிக்கடி மாற்றுகிறார்கள். டிக்கெட் எடுக்கும் அன்று தாய்லாந்துத் தூதரக இணையதளத்தில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல், வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், ஆறு பேருக்கும் தனித்தனியாக. அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. பாஸ்போர்ட்டுகளில் ஆறு மாதமாவது மிச்சமிருக்கட்டும், மாமனாருடையதை முதலில் பாருங்கள். விடுமுறை முன்கூட்டியே கிடைத்து ஏப்ரலில் போகும் எண்ணம் வந்தால், 18, 19 தேதிகளை விட்டுவிடுங்கள். நம் சித்திரை முதல் நாளை ஒட்டி அவர்களுக்குச் சொங்கிரான்; சங்கிராந்திதான் அப்படித் திரிந்திருக்கிறது. நாடு முழுக்க 13 முதல் 15 வரை தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, பட்டாயாவில் 19-ஆம் தேதி மறுபடி ஒரு நாள் ஊற்றுவார்கள். பையனுக்குச் சொர்க்கம். கார் ஒரு அடி நகராது.

கடைசியாக, “பாங்காக்” என்று சொல்லலாமா என்ற கேள்வி. சொல்லிப் பயனில்லை, ஏழு வயதுப் பையன் முதல் கல்யாண வீட்டிலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிடுவான். பட்டாயா என்றே சொல்லுங்கள். போன இரண்டாம் நாள், மஞ்சள் தலைக்கவசத்தோடு மாமனார் ஒரு தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். “மரம் என்ன விலை போகும் என்று கேட்டாரா?” என்றுதான் அடுத்த கேள்வி வரும்.